பட்டியலில் இல்லாத பெயர்கள்: வெளிநாட்டில் சிக்கும் மலேசியரை மீட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர்களுக்கும், வெளிநாட்டில் சிக்கிக்கொள்ளும் மலேசியர்களை வீடு சேர்க்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவள். முப்பத்தோர் ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். நாங்கள் பிறந்த லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, இடித்துவிட்டுச் செம்பனை நட்டு வெகுகாலம் ஆகிறது. லயத்துச் சனமெல்லாம் இப்போது நகரைச் சுற்றியுள்ள தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், இருக்கிறது. இருந்தாலும் ஒரு வீட்டில் யாராவது ஊருக்குப் புறப்பட்டால் பத்து வீட்டுக்குத் தெரியும். இங்கே வெறுமனே 'ஊர்' என்று சொன்னால் அது தமிழ்நாடுதான். நான்கு தலைமுறை ஆகியும் அந்தச் சொல் மாறவில்லை.

2020 மார்ச் முதல் வாரம் என் அம்மாவும் அவருடைய தம்பியும் ஊருக்குப் போனார்கள். அம்மாவுக்கு அப்போது 74 வயது, மாமாவுக்கு 69. நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் குலதெய்வக் கோயில் இருக்கிறது. பொங்கல் வைக்க வேண்டும், தாத்தாவின் பங்காளி வீடுகளில் தலைகாட்ட வேண்டும், அவ்வளவுதான் திட்டம். மார்ச் 24ஆம் தேதி திருச்சியிலிருந்து திரும்ப டிக்கெட் போட்டிருந்தோம். அரசாங்கக் கிளினிக்கில் வாங்குகிற மாத்திரைகளை நான்கு வாரத்துக்குக் கணக்குப் பண்ணி அம்மா எடுத்துப்போனார். கூட ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது இன்றைக்கும் என் மனத்தை அறுக்கிறது.

பிறகு கொரோனாவால் நடந்தவை உங்களுக்கே தெரியும். மார்ச் 13இல் இந்தியா விசாக்களை நிறுத்தியது. 17இல் மலேசியாவிலிருந்து போகும் விமானங்களுக்குத் தடை விழுந்தது. 18இல் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 22ஆம் தேதியிலிருந்து இந்தியாவில் எந்த வெளிநாட்டுப் பயணிகள் விமானமும் இறங்கவில்லை. 24ஆம் தேதி மாலை, அம்மா விமானம் ஏறியிருக்க வேண்டிய அதே நாளில், தமிழ்நாட்டில் 144 தடை. அன்று நள்ளிரவு முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு.

தங்கியிருந்த உறவுக்காரர் வீட்டுக் கதவில் சுகாதாரத் துறையினர் வந்து தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அவர்கள் கடமையைத்தான் செய்தார்கள். ஆனால் தெருவில் தண்ணீர் பிடிக்கப் போன வீட்டு மருமகளிடம், "மலேசியாக்காரங்களை ஏன் உள்ள வச்சிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா அதைத் தொலைபேசியில் சொன்னபோது அழவில்லை. "நாம இங்க மலேசியாக்காரங்க, அங்க இந்தியாக்காரங்க, எங்கதாம்மா நாம ஊர்க்காரங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

ஏப்ரலில் மாத்திரை தீர்ந்தது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், இரண்டும் எந்த மருந்துக் கடையிலும் கிடைப்பவைதாம். மூன்றாவது ஒன்று இருந்தது. அதன் பிளாஸ்டிக் பையில் ஒட்டியிருந்த தாளில் மருந்தின் பெயர் ஈரம் பட்டு அழிந்துபோய், 'மாக்கான் 1 பீஜி, வக்து மாலாம்' என்ற வரி மட்டும் மிச்சம் இருந்தது. உறவுக்காரப் பையன் மருந்துக் கடைக்கு முன்னால், தரையில் சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்குள் நின்றபடி எனக்கு வீடியோ அழைப்பு போட்டான். கடைக்காரர் பையை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் படித்துவிட்டு, "எழுத்து இங்கிலீஷ் எழுத்தா இருக்கு, வாசிச்சா ஒண்ணும் புரியலையேம்மா" என்றார். இரவில் ஒரு மாத்திரை என்று அர்த்தம் சொன்னேன். என்ன மாத்திரை என்று எனக்கும் தெரியாது. சாமி அலமாரிக்குக் கீழே துழாவி அம்மாவின் கிளினிக் புத்தகத்தைக் கண்டெடுத்துப் படம் பிடித்து அனுப்பினேன். சிம்வாஸ்டாடின் 20. அந்தக் கடைக்காரர் மருத்துவர் சீட்டு இல்லாமலேயே ஒரு மாதத்துக்குக் கொடுத்தார். முகம் தெரியாத அந்த மனிதருக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

இனி நான் இந்த மடலை எழுத வேண்டிவந்த காரணத்துக்கு வருகிறேன்.

நம் அரசாங்கம் மக்களை மறந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். 2020 பிப்ரவரி 4ஆம் தேதி வூஹான் நகரிலிருந்து 107 பேரை விமானத்தில் கொண்டுவந்து, நீலாயில் 14 நாள் தங்கவைத்துப் பார்த்துக்கொண்டதை நாடே பெருமையோடு பார்த்தது. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நம்மவர்களுக்காகச் சிறப்பு விமானங்கள் பறந்தன. நள்ளிரவு தாண்டியும் தொலைபேசியை எடுத்துப் பொறுமையாகப் பதில் சொன்ன அதிகாரிகள் இருந்தார்கள். விமானம் வந்தது. அந்த விமானத்தில் ஏறுவதற்கு அம்மாவின் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். அங்கேதான் எங்கள் கதை நின்றுபோனது.

பதிவு செய்யச் சொல்லி வாட்ஸ்அப்பில் எனக்கு ஓர் இணையப் படிவம் வந்தது. யார் தயாரித்தது, எந்த அலுவலகத்துக்குப் போனது என்று இங்கே பெயர் சொல்லப் போவதில்லை. மலாயும் ஆங்கிலமும் மட்டும்தான் இருந்தன. எனக்குப் பரவாயில்லை, நான் படித்தவள். மின்னஞ்சல் முகவரி கட்டாயம் என்றது. அம்மாவுக்கு ஏது மின்னஞ்சல்? என்னுடையதைக் கொடுத்தேன். மாமாவுக்கும் அதையே கொடுத்தால், ஏற்கெனவே பதிந்த முகவரி என்று தள்ளிவிட்டது. இரண்டாவது மின்னஞ்சல் ஒன்றை உருவாக்கி மாமாவைப் பதிந்தேன்.

பிறகு பெயர்க் கட்டம் வந்தது. அம்மாவின் கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) முதலில் அம்மாவின் பெயர் இருக்கும், அடுத்து 'ஏ/பி', அதன்பின் தாத்தாவின் பெயர். அனாக் பெரெம்புவான், அதாவது மகள். இந்நாட்டில் இந்தியப் பெண்களின் பெயர் பெரும்பாலும் இப்படித்தான் பதிவாகியிருக்கிறது, ஆண்களுக்கு 'ஏ/எல்'. ஆனால் அந்தப் படிவத்தில் முதற்பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். சாய்கோடு போட்டால் கட்டம் சிவந்துவிடும். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரைத்தான் அங்கே எழுத முடிந்தது.

நான்கு நாள் கழித்துப் பட்டியல் வந்தது. மாமாவின் பெயர் சரியாக இருந்தது. அம்மாவின் வரிசையில் அம்மா இல்லை. தாத்தாவின் பெயர் மட்டும் இருந்தது.

என் தாத்தா 1987இல் இறந்தவர். ராசிபுரத்திலிருந்து கப்பலேறி வந்து, சுங்கை சிப்புட் காட்டில் பால்வெட்டி, கடைசிவரை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர். குடியுரிமைக்கு இரண்டு தரம் மனுப் போட்டார். மலாய்த் தேர்வில் தேறவில்லை. 1969க்குப் பிறகு, பிறந்ததிலிருந்து பார்த்த தோட்டத்திலேயே வேலை செய்யப் பெர்மிட் கேட்டார்கள் என்று சொந்தபந்தங்கள் பலர் மூட்டை கட்டிக்கொண்டு நாகப்பட்டினம் கப்பல் ஏறியபோது, தாத்தா மட்டும் பிடிவாதமாக இருந்துகொண்டார். குடிமக்களுக்கான நீல அட்டை கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. நாடு திரும்ப வேண்டிய மலேசியக் குடிமக்களின் பட்டியலில், அவர் இறந்து 33 ஆண்டு கழித்து அவர் பெயர் இருந்தது. நீல அட்டைக்காரியான அவர் மகளின் பெயர் அதில் இல்லை. அந்தத் தாளைத் திரையில் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதன்பின் நான் சுழற்றாத எண் இல்லை. எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "புவான், டாலாம் செனாராய் தாக் அடா." பட்டியலில் இல்லை. இருக்கிறது, தவறாக இருக்கிறது என்று விளக்கினேன். கடப்பிதழ் எண்ணைச் சொன்னேன். குறித்துக்கொண்டார். ராசிபுரத்திலிருந்து திருச்சி விமான நிலையம் நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஊரடங்கில் மாவட்ட எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். பட்டியலில் உள்ள பெயரும் கடப்பிதழில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால்தான் சீட்டு என்று சொல்லிவிட்டார்கள். மாமாவுக்குச் சீட்டு கிடைத்தது. "அக்காவை விட்டுட்டு நான் எப்படிம்மா ஏறுவேன்?" என்று கேட்டார். ஏறவில்லை. இருவரும் மே மாதக் கடைசியில்தான் வந்து சேர்ந்தார்கள்.

மாமா அதற்குப் பிறகு ஊருக்குப் போகவே இல்லை. பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததாக இருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். பிற்பாடு கோயிலிலும் கல்யாண வீடுகளிலும் விசாரித்தபோது, எங்கள் வட்டாரத்திலேயே இன்னும் சில குடும்பங்கள் இதே 'ஏ/எல்', 'ஏ/பி' சிக்கலில் மாட்டியதாகச் சொன்னார்கள். இன்னும் சிலர் பதிவு செய்ய வேண்டும் என்பதே தெரியாமல், ஊரடங்கு முடியட்டும் என்று சும்மா காத்திருந்திருக்கிறார்கள். வெளிநாடு போகிறவர்கள் இணையத்தில் தங்களைப் பதிந்துகொள்ள உங்கள் அமைச்சில் வழி உண்டு என்பது எனக்குத் தெரியும். எங்கள் தாமானில் காலையில் நடக்கப் போகும் பெண்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை. ஆனால் அவர்களில் பாதிப்பேர் ஊருக்கோ காசிக்கோ போய் வந்தவர்கள்.

ஆகையால் நான் முதலில் கேட்பது இதுதான். அடுத்த நெருக்கடி வரும்வரை காத்திருக்காமல், எங்களைப் போன்றவர்கள் போகக்கூடிய இடத்தில் பதிவை வையுங்கள். சிறு நகரங்களில் யாத்திரைக் குழு சேர்க்கிற பயண முகவர்கள் இருக்கிறார்கள். டிக்கெட் போடும்போதே கடப்பிதழின் நகலை வாங்கிவைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தகவலை, பயணியின் சம்மதத்தோடு, அங்கிருந்தே உங்கள் பதிவேட்டில் சேர்க்கச் செய்யலாம். வெளியே சிக்கியவருக்காக உள்ளூரில் இருக்கும் பிள்ளைகள் மாவட்ட அலுவலகத்திலோ அஞ்சலகத்திலோ நேரில் வந்து பதிய வழி செய்யலாம். தமிழில் பேசக்கூடியவர் எடுக்கிற ஒரு தொலைபேசி எண் வேண்டும். பெயரைக் கடப்பிதழில் உள்ளபடியே, சாய்கோட்டோடு, ஒரே கட்டத்தில் எழுத விடுங்கள். எண்ணை வைத்து ஆளைத் தேடுங்கள், பெயரை வைத்துத் தேடாதீர்கள். பட்டியலை அனுப்புவதற்கு முன்பு ஒரே ஒரு தடவை குடும்பத்தை அழைத்து வாசித்துக்காட்டினால் போதும். எங்கள் விஷயத்தில் அந்த ஓர் அழைப்பு இரண்டு முதியவர்களின் ஏழு வாரத்தைக் காப்பாற்றியிருக்கும்.

அடுத்தது காசு. வழக்கமாகப் போய்வர ஆகும் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு, வருவதற்கு மட்டும் கொடுத்தோம். என் தம்பிக்கு அப்போது வேலை பாதிச் சம்பளத்தில் ஓடியது. ஊழியர் சேமநிதியிலிருந்து ஐ-லெஸ்தாரி திட்டத்தில் மாதம் 500 ரிங்கிட் வரை எடுக்க விட்டார்களே, அதில்தான் ஒரு பங்கைப் புரட்டினான். முதுமைக்கு என்று சேர்த்ததை உடைத்து அம்மாவை அழைத்துவந்தோம். வந்தபிறகு 14 நாள் ஓட்டலில் தனிமைப்படுத்தல். அப்போது அதற்குக் காசு வாங்கவில்லை, நன்றி. அதே ஆண்டு ஜூலைக் கடைசியிலிருந்து திரும்பி வந்தவர்கள் நாளுக்கு 150 வீதம் 2,100 ரிங்கிட் கட்ட வேண்டியிருந்தது. செம்பனைத் தோட்டத்தில் அப்போது குறைந்தபட்சச் சம்பளம் வாங்கியவருக்கு அது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல்.

எல்லாவற்றையும் இலவசமாகக் கேட்கவில்லை. முதலில் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், கணக்கைப் பிறகு பார்க்கலாம் என்கிறேன். ஜெர்மனி அந்த வசந்தகாலத்தில் சுற்றுலா நிறுவனங்களோடு சேர்ந்து 2,40,000 பேருக்கு மேல் தாயகம் கொண்டுவந்தது. அரசாங்கம் அமர்த்திய விமானங்களில் வந்தவர்களுக்குப் பின்னால்தான் பில் அனுப்பியது. அமெரிக்கா தன் குடிமக்களிடம் கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏற்றியது. நம்மால் ஏன் முடியாது? மாதம் 50 ரிங்கிட் என்றால் நாங்கள் கட்டியிருப்போம். இந்த ஊர்க்காரர்கள் தவணை கட்டத் தெரியாதவர்கள் இல்லை. தோட்டங்கள் துண்டுபோடப்பட்ட காலத்தில், 1960இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டித் தோட்டம் வாங்கிய சனத்தின் பிள்ளைகள் நாங்கள்.

மருந்து விஷயத்தை மேலே சொல்லிவிட்டேன். அரசாங்கக் கிளினிக்கில் இருக்கும் பதிவைத் தூதரகம் கேட்டால், நோயாளியின் ஒப்புதலோடு, ஒரு நாளில் ஆங்கிலத்தில் மருந்துச் சீட்டாக எடுத்து அனுப்புகிற ஏற்பாடு இருந்தால் போதும். அதற்குப் பெரிய செலவு இல்லை.

இன்னொன்று, இது எங்கள் வீட்டுக் கதை இல்லை. எங்கள் வரிசையில் நான்காவது வீட்டுப் பையன் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவன். தினமும் ஜொகூர்-சிங்கப்பூர் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய் வந்த இலட்சக்கணக்கானவர்களில் ஒருவன். மார்ச் 18 அன்று பாலம் அடைபட்டபோது அந்தப் பக்கம் இருந்துவிட்டான். ஜூன் மாதம் அவன் அப்பா இறந்தார். வந்தால் 14 நாள் தனிமைப்படுத்தல், காரியத்துக்கே வந்துசேர முடியாது. போனபிறகு மறுபடி உள்ளே விடுவார்களா என்ற உறுதியும் இல்லை, அந்தச் சம்பளத்தில்தான் வீடே ஓடுகிறது. அவன் வரவில்லை. சுடுகாட்டில் அக்கா மகன் ஒரு கையில் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் அங்கே தங்கும்விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தான். நடுவில் இணைப்பு விட்டுவிட்டது. மறுபடி கிடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆகஸ்டு 17இல் தொடங்கிய ஏற்பாட்டிலும் 90 நாள் அங்கே வேலை செய்தால்தான் விடுப்பில் வரலாம் என்றார்கள். தரைவழியில் தடுப்பூசி போட்டவர்களுக்கான பாதை 2021 நவம்பர் 29இல்தான் திறந்தது. பெற்றவர் சாவுக்கு, பரிசோதனை எடுத்துக்கொண்டு, பாதுகாப்பு உடையில், காவலர் துணையோடு ஒரு மணி நேரம் வந்துபோக ஒரு வழியை இரண்டு அரசாங்கங்களும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம். நெருக்கடி நடக்கும்போது அதைப் பேச யாருக்கும் நேரம் இருக்காது. இப்போது இருக்கிறது.

நம் கூட்டரசு அரசியலமைப்பின் 9ஆம் விதி, முதல் பிரிவு, குடிமகன் எவரையும் இந்நாட்டிலிருந்து வெளியேற்றவோ உள்ளே வரவிடாமல் தடுக்கவோ கூடாது என்கிறது. 2021 மே மாதம் ஆஸ்திரேலியா, இந்தியாவிலிருந்து திரும்புகிற தன் குடிமக்களுக்கே சிறைத்தண்டனை என்று சுமார் இரண்டு வாரம் தடை போட்டிருந்தது. அதற்குச் சில நாள் முன்பு, ஏப்ரல் 28இல், மலேசியாவும் இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குத் தடை போட்டது. ஆனால் நம் குடிமக்களுக்கு மட்டும் வாசலைத் திறந்தே வைத்திருந்தது. அதற்காக நான் தலைவணங்குகிறேன். வாசலைத் திறந்து வைத்த நீங்கள், வாசல்வரை நடந்து வர முடியாத வயதானவர்களையும், படிவம் நிரப்பத் தெரியாதவர்களையும் எண்ணிப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்நாட்களில் எங்கள் நகரில் சிக்கிக்கொண்ட ஊர்க்காரப் பிள்ளைகளையும் நான் பார்த்தேன். உணவகத்திலும் முடிதிருத்தும் கடையிலும் வேலை செய்தவர்கள். கடை மூடிவிட்டது, பெர்மிட் முடிந்துவிட்டது. இந்தியா மே 7இல் தொடங்கிய வந்தே பாரத் மீட்பு விமானங்களில் இடம் கிடைக்குமா என்று கைத்தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சோறு பொங்கிக் கொடுத்த தாமான் பெண்களில் சிலருடைய பெற்றோர் அதே நேரத்தில் தமிழ்நாட்டில் சிக்கியிருந்தார்கள். "அங்க எங்கம்மாவுக்கு யாராச்சும் குடுப்பாங்க" என்று ஒருத்தி சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னாள்.

அம்மாவுக்கு வயது எண்பதை எட்டிவிட்டது. முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் பிடிவாதம் தாத்தாவுடையது. போன மாதம், அடுத்த மாசிக்குக் குலதெய்வக் கோயிலுக்கு இன்னொரு தரம் போய் வந்துவிட வேண்டும் என்று ஆரம்பித்தார். இந்தத் தடவை நானும் கூடப் போகிறேன். மாத்திரை எட்டு வாரத்துக்கு வாங்கியாகிவிட்டது. மருந்துகளின் பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கடப்பிதழோடு வைத்திருக்கிறேன். உறவுக்காரர் எண்கள், மருந்துக் கடைக்காரர் எண், எல்லாம் எழுதிக்கொண்டேன்.

நேற்றுப் பையைக் கட்டிப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "நம்ம பேரை யாருகிட்ட சொல்லிட்டுப் போகணும்?" இணையத்தில் நான் பதிந்துவிடுவேன். அடுத்த வீட்டில் தனியாகப் போகப் புறப்பட்டிருக்கும் அக்காளுக்கும் நானே பதிந்து கொடுப்பேன். அவருக்கு அடுத்த வீட்டுக்காரர்கள் எங்கே போய்க் கேட்க வேண்டும் என்பதைத் தெரிவித்தால், மாசிக்கு முன்பாக எங்கள் கோயில் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்
சுங்கை சிப்புட், பேராக்